நாற்பத்தேழு வினாடி

காலை ஏழரை மணிக்கு, வாயில் பற்பசை நுரையோடு அர்ச்சனா போனைத் திறந்தபோது, மூன்று வாரமாகப் பச்சையாக இருந்த ஒரு சின்ன மைக் நீலமாகியிருந்தது.

நுரையை விழுங்கிவிட்டாள்.

குரல் செய்தியை யாரும் கேட்காதவரை அந்த மைக் பச்சை. ஒருமுறை அழுத்திக் கேட்டுவிட்டால் நீலம். ஏரிக்கரையில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக்கூட இது தெரியும். அர்ச்சனா அதை அழுத்தவில்லை. அழுத்தாமல் இருப்பதையே மூன்று வாரமாக ஒரு வேலைபோலச் செய்துவந்தாள். தினமும் எழுந்ததும் அந்தப் பெயரைத் தேடித் திறப்பாள், நாற்பத்தேழு வினாடி என்று போட்டிருப்பதைப் பார்ப்பாள், பச்சை பச்சையாகவே இருக்கிறது என்று தெரிந்ததும் மூடிவிடுவாள். சிலர் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்ப்பார்கள். இவள் இதைப் பார்த்தாள்.

போனில் அந்தப் பெயரை 'செல்வம்மாள் இறால்' என்று போட்டு வைத்திருந்தாள்.

பழவேற்காட்டுப் பக்கத்தில் அர்ச்சனாவைத் தெரியாதவர்கள் கிடையாது, அதில் அவளுக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய். மீனவர்களுக்குத் தகவல் சொல்லும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறதா, வெட்டித் திறந்துவிட்டார்களா, ஏரிக்குள் எந்த இடத்தில் இன்று வலை போடுவது யாருடைய முறை என்பதையெல்லாம் காலையும் மாலையும் வீடியோவில் சொல்வாள். வட்ட விளக்கு, உதட்டுச்சாயம், பின்னால் ஏரி. காற்று எச்சரிக்கைக்கு உதட்டுச்சாயம் எதற்கு என்று பக்கத்து வீட்டு மரியம்மா கேட்டது நியாயம்தான். ஆனால் பதினோராயிரம் பேர் பின்தொடர்கிற பக்கம். மரியம்மாவை யார் பின்தொடர்கிறார்கள், மீன் கூடைக்குப் பின்னால் வரும் பூனைகளைத் தவிர?

வீடியோ சுகம். குழுக்கள்தான் நரகம். மொத்தம் அறுபத்து மூன்று. 'வடக்கு ஏரி நண்பர்கள்' என்று ஒன்று. அதில் சண்டை போட்டு வெளியேறியவர்கள் தொடங்கிய 'ஒரிஜினல் வடக்கு ஏரி நண்பர்கள்' என்று இன்னொன்று. இரண்டிலும் சண்டை போட்டவர் தனியாக நடத்தும் மூன்றாவது குழுவில் அவரும் அர்ச்சனாவும் மட்டும். ரோஜாப்பூவோடு காலை வணக்கம், காணாமல்போன ஆடு, பிறந்தநாள் கேக், டீசல் மானியம், இடையில் எங்கோ ஒரு புயல். இதில் சென்னை அலுவலகத்து வின்சென்ட் சார் வேறு. ஒரு மணி நேரத்துக்குள் பதில் போகாத செய்தியெல்லாம் அவர் பட்டியலில் சிவப்பாகத் தெரியுமாம். "சிவப்பே இருக்கக்கூடாதும்மா" என்பார், டாக்டர் மாதிரி.

அர்ச்சனா கண்டுபிடித்த மருந்து, கட்டைவிரல். எந்தச் செய்தியாக இருந்தாலும் அதன்மேல் ஒரு கட்டைவிரல் படம். படித்தாலும் படிக்காவிட்டாலும் சிவப்பு போய்விடும். அனுப்பியவருக்கும் சந்தோஷம், மேடம் பார்த்துட்டாங்க. ஆடு தொலைந்ததற்கும் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. ஒரு சாவுக்கும் விழுந்து, அந்த வீட்டார் இன்னும் அவளோடு பேசுவதில்லை.

மூன்று வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை அவளுக்குப் பொன்னேரியில் பயிற்சி. தலைப்பு, தகவல் நெருக்கடியைச் சமாளிப்பது எப்படி. யாரோ படம் போட்டுப் பேசிக்கொண்டிருக்க, அர்ச்சனா மேசைக்கு அடியில் சமாளித்துக்கொண்டிருந்தாள். அன்று வலை முறைக்குச் சீட்டுக் குலுக்கியதில் தகராறு. இருநூற்றுச் சொச்சம் செய்திகள். அதற்குள் ஒன்று, முகத்துவாரத்தை மதியம் இயந்திரம் வைத்து வெட்டிவிட்டார்கள், கடல் தண்ணீர் உள்ளே ஏறும் என்பது. அதற்கும் கட்டைவிரல். நாலு பத்துக்குத் தனியாக வந்த செல்வம்மாளின் குரல் செய்திக்கும் கட்டைவிரல். தட்டிக்கொண்டே போனாள், பட்டாணி உரிப்பதுபோல.

செல்வம்மாள் அப்போது ஏரி நடுவில், மணல்திட்டுக்கு அந்தப் பக்கம், வழக்கமாக இடுப்பளவே இருக்கும் தண்ணீரில் இருந்தாள். கையால் தடவி இறால் பிடிக்கிறவள். வலை கிடையாது, படகு கிடையாது. குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும் என்பதால், பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு போவார்கள். கண் கீழே பார்க்காது. முகம் தூரத்துக் கரையையே பார்த்திருக்கும். பார்க்கிற வேலை கைக்கு.

அவள் திரும்பி வரவில்லை. படகுகள் பதினோரு நாள் தேடின. பறி மட்டும் கிடைத்தது, உள்ளே இறாலோடு. ஊரெல்லாம் அதைத்தான் பேசியது. முப்பது வருஷம் இறால் பிடித்தவள், உயிர் போனாலும் பறியை விடாதவள், எதற்கு வாயைத் திறந்தாள்?

பேசுவதற்காகத் திறந்தாள். அது அர்ச்சனாவுக்கு மட்டும் தெரியும். செல்வம்மாளின் போன் ஏரிக்குள். செய்தி இருக்கும் ஒரே இடம் இந்த போன். அதை வேறு யாராவது கேட்டால் வேலை போகும், பதினோராயிரமும் போகும், தெருவில் நடக்க முடியாது. அதைவிட, தானே கேட்டுவிட்டால்? அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை.

இப்போது யாரோ கேட்டிருக்கிறார்கள்.

புருஷன் தாமோதரன் நேற்று சாயங்காலம்தான் காசிமேட்டுக்குப் போனான். போன் போட்டாள். அவன் பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம்.

"மாமா, நேத்து என் போன எடுத்தியா?"

"உன் போனயா? அத்த தொட்டா கைய ஒடைப்பியே. நான் எதுக்குடி எடுக்கறன்?"

"வாய்ஸ் எதுனா கேட்டியா?"

"உன் வாய்ஸ கேட்டே காது ரிப்பேரு. இன்னாத்துக்கு இப்ப பேஜார் பண்ற? ஐஸ் கரையுது, வை."

அவன் பொய் சொன்னால் குரல் இழுக்கும். இழுக்கவில்லை. வேறு யாரும் வீட்டில் இல்லை. தூக்கத்தில் விரல் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். போனின் பூட்டு எண்ணை மாற்றினாள். அன்றைய காற்று எச்சரிக்கையைச் சாயம் பூசாமலே சொன்னாள், வடகிழக்கு, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வரை. உடம்பு சரியில்லையா என்று பதினாறு பேர் கேட்டார்கள். கட்டைவிரலை வைக்கப் போய், கை நின்றது.

பத்து மணிக்கு மறுபடி திறந்து பார்த்தாள். குரல் செய்தியின் கோட்டில், எதுவரை கேட்டாயிற்று என்று காட்டும் புள்ளி ஒன்று உண்டு. காலையில் அது தொடக்கத்தில் இருந்தது. இப்போது ஆறாவது வினாடியில் இருந்தது.

பூட்டு எண் அவளுக்கு மட்டும்தான் தெரியும். போன் அவள் மடியில்தான் இருந்தது.

"இன்னாடி, போனயே மொறைச்சினு குந்திக்கீற? அதுல இன்னா, உன் மாமியா தெரியிறாளா?" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மரியம்மா.

"ஒன்னுமில்லக்கா. சார்ஜ் நிக்கல."

"எனக்குந்தான் நிக்கல, கால்ல. எவன் கேக்கறான்?"

வழக்கமாக இதற்கு அர்ச்சனா ஒன்று திருப்பிக் கொடுப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை, மரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். இன்னும் ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், அர்ச்சனா வீட்டில் ஏதோ சரியில்லை.

மதியம் காவியா வந்தாள். செல்வம்மாளின் மகள், பொன்னேரியில் மருந்துக் கடையில் வேலை. வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்றும் வரவில்லை. கையில் ஒரு புது போன்.

"அம்மா நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிட்டன்க்கா. பழைய மெசேஜு எதனா வரும்னு பாத்தன். ஒன்னுமே வரல, காலியா கீது."

"வராதும்மா. அது போனோடயே போயிடும்." சொல்லும்போது அர்ச்சனாவின் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. அந்த இறங்குதலை அவளே அருவருப்போடு கவனித்தாள்.

"அன்னிக்கு அம்மா உங்களுக்கு எதனா அனுப்புச்சாக்கா?"

"இல்லியே."

"எல்லாத்துக்கும் உங்களத்தான் கேக்கும். அர்ச்சனா சொன்னா சரியா இருக்கும்னு சொல்லும்." காவியா புது போனைத் துணியால் துடைத்தாள். அதில் அழுக்கு எதுவும் இல்லை. "பறிய ஏன்க்கா வுட்டுச்சு? அதான் எனக்குப் புரியல. கெட்ட வார்த்த பேசணும்னாக்கூட கரைக்கு வந்து, பறிய எறக்கி வெச்சிட்டுத்தான் பேசும்."

அர்ச்சனா வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிடலாம். இதோ, இந்த வினாடியில். மடியில் போன் இளஞ்சூடாக இருந்தது, கோழி அடைகாத்து எழுந்த இடம்போல.

"எனக்கு இன்னாம்மா தெரியும்" என்றாள்.

காவியா போனதும் திறந்தாள். பதினான்காவது வினாடி.

அழித்தாள். 'உங்களுக்கு மட்டும் அழிக்கவா?' என்று போன் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். போய்விட்டது. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். இருந்தது. அதே இடத்தில், அதே நீலத்தில், தன்மேல் அவள் வைத்த கட்டைவிரலைச் சுமந்துகொண்டு. பத்தொன்பதாவது வினாடி.

இந்த வேலைக்கு வந்த நாலு வருஷத்தில் முதல்முறையாகப் போனை அணைத்தாள். அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி, அதன்மேல் இட்லிப் பானையை வைத்தாள்.

அமைதி வரும் என்று நினைத்தாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அரை மணி நேரத்தில் ஒன்பது முறை இல்லாத போனைத் தேடி இடுப்பைத் தொட்டது. பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். அறுபத்து மூன்று குழுவிலும் என்னென்ன வந்து விழுந்திருக்குமோ, வின்சென்ட் சாரின் பட்டியல் இந்நேரம் ரத்தமாய் இருக்குமே என்று மனம் ஓடி ஓடித் திரும்பி வந்தது. மேகம் இறங்கி நாலு மணிக்கே வீட்டுக்குள் இருட்டுக் கட்டியது. கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்து, அதன் சத்தம் மெல்லத் தேய்ந்து முடிந்த பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருந்தது, வீட்டுக்குப் பின்னால், ஏரி இருக்கும் பக்கத்தில், ஈரமாக, மூக்கால் மட்டும் விடுகிற மூச்சுப்போல, இழுத்து, விட்டு, இழுத்து.

எருமை, என்று நினைத்தாள். கோரைப்புல் மேய எருமைகள் வரும்.

எருமைக்கு அவ்வளவு அவசரம் இருக்காது.

பின்கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள். ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது, தூரத்தில் வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு. யாரும் இல்லை. படகு இல்லை, கொக்குகூட இல்லை. உப்பும் சேறும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக முகத்தில் அடித்தது. பற்களைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற சத்தம் மட்டும் தண்ணீர்மேல் வந்துகொண்டிருந்தது. பல் இடுக்கில் ஏதோ இருக்கும்போது வருகிற சத்தம்.

பிறகு, தொப்.

கனமான, ஈரமான ஏதோ ஒன்று வாயிலிருந்து விடுபட்டதுபோல, தண்ணீரில் விழுந்த சத்தம்.

அர்ச்சனா சமையலறைக்கு ஓடினாள். இட்லிப் பானை உருண்டது. அரிசிக்குள் கை விட்டுத் துழாவினாள், ஒரு கணம் தான் எப்படித் துழாவுகிறோம் என்பதைத் தானே பார்த்தாள். போன் தட்டுப்பட்டது. அணைத்து வைத்த போனின் திரை எரிந்துகொண்டிருந்தது. புள்ளி இருபத்து மூன்றில் இருந்தது. நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கண் முன்னாலேயே, நிதானமாக, இருபத்து நாலு. போனிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் கொல்லையில் இருந்தது.

"அர்ச்சனா கண்ணு. செல்வம்மா பேசறன்."

போனைக் கீழே போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மரியம்மா யாரிடமோ வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மரியம்மா இந்நேரம் சுவரேறியிருப்பாள்.

"தண்ணி மாருக்கு ஏறிக்கிது."

குரல் பின்கதவுக்கு வந்துவிட்டது. கதவின் அடியில் ஏதோ தடவிற்று. பத்து விரல். பலகையின் ஓரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அவசரப்படாமல், இறால் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

வாசல் பக்கம் ஓடலாம். ஓடவில்லை. கால் கட்டில்மேல் ஏறியது. குழந்தைபோல முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க பாத்தாலும் தண்ணியா கீது. கர எந்தப் பக்கம்னே தெர்ல."

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவு திறக்கவில்லை. ஆனால் சமையலறைத் தரையில் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. நடை இல்லை, அலசல். இடுப்பளவுத் தண்ணீரில் காலை இழுத்து இழுத்து வைக்கிற நடை. காய்ந்த தரையில்.

செல்வம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

குனிந்திருந்தாள். இரண்டு கையும் முன்னால், தரைக்கு ஒரு சாண் மேலே, சேற்றைத் துழாவிக்கொண்டு. புடவை அவளைச் சுற்றி மிதந்தது, தண்ணீர் இல்லாத இடத்தில். முகம் நிமிர்ந்திருந்தது. அர்ச்சனாவைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, சுவரைத் தாண்டி, தூரத்தில் எதையோ தேடியது. கோபம் இல்லை அந்த முகத்தில். அதுதான் தாங்கவில்லை. வழி கேட்கிற முகம்.

"நடந்து வர்ட்டா, இல்ல இங்கயே நிக்கட்டா? சொல்லு கண்ணு."

அவளுக்குப் பின்னால், சமையலறைத் தரையில் கிடந்த போனில், புள்ளி கோட்டின் கடைசியை, நாற்பத்தேழைத் தொட்டது.

இவ்வளவுதான் கேட்டிருக்கிறாள். வரட்டுமா, நிற்கட்டுமா. இதற்குத்தான் கட்டைவிரல். அதற்கு அர்த்தம், சரி, நடந்து வா.

கைகள் மறுபடி முன்னால் வந்தன. கட்டில் காலைத் தொட்டன. தடவின. மேலே ஏறின.

"நில்லு!" அர்ச்சனா கத்தினாள். மூன்று வாரமாகத் தொண்டையில் இருந்தது முழுக்க வெளியே வந்தது. "வராத! நடக்காத செல்வம்மா! அங்கயே நில்லு! படகு அனுப்பறன், அங்கயே நில்லு!"

கைகள் நின்றன.

முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தெரிந்தவர் சொன்னால் வருமே, அப்படி. செல்வம்மாள் நிமிர்ந்தாள். கட்டிலிலிருந்து ஒரு அடி தள்ளி, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, சொன்னபடி நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.

கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது. விளக்கிலும் நின்றாள்.

"இன்னாடி சத்தம்?" மரியம்மா.

அர்ச்சனா வாயைத் திறக்கவில்லை. எது சொன்னாலும் அவள் கேட்பாள். வா என்றால் வருவாள். போ என்றால் எங்கே போவாள், எந்தத் தண்ணீருக்குள்? வாழ்க்கையில் முதல்முறையாக அர்ச்சனா ஒரு வார்த்தையை எடை போட்டுப் பார்த்தாள். போட்டு முடியவில்லை.

தரையில் ஏதோ மின்னியது. பின்கதவுக்கு அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு, சத்தமில்லாமல், உள்ளே வந்துகொண்டிருந்தது. இட்லிப் பானை அசைந்து, மெல்லத் திரும்பி, மிதக்கத் தொடங்கியது. உப்பு வாடை.

செல்வம்மாளின் கணுக்கால். முழங்கால்.

அவள் அசையவில்லை. முகம் கரைப் பக்கம். படகு வரும் என்று காத்திருக்கிற கண்.

இடுப்பு. மார்பு.

கட்டிலை முழுக்கிக்கொண்டு தண்ணீர் அர்ச்சனாவின் தோள்வரை ஏறியது. செல்வம்மாள் முகவாயைச் சற்று உயர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான். சொன்ன இடத்திலேயே நின்றாள்.